உப்புக் கிணற்றில் பால்மீன் வளர்த்தவள்

சின்னக்காளை அண்ணன் கல்லூரி வாசலில் காவலாளியோடு வாக்குவாதம் செய்துகொண்டிருப்பதாகப் பியூன் வந்து சொன்னபோது, நான் இரண்டாமாண்டு மாணவிகளுக்கு இறாலை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு போனேன். தோளில் துண்டுகூட இல்லாமல் வெயிலில் நின்றிருந்தார்.

"அமலி டீச்சரம்மா போயிருச்சாம் தாயி. காலையில தந்தி வந்துச்சு. நான் பஸ் ஏறப் போறேன். நீங்களும் வாரீகளா?"

எனக்கு உடனே அழுகை வரவில்லை. தந்தி ஏன் அவருக்குப் போனது, எனக்கு ஏன் வரவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. மதுரை தாண்டும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமலியை அறிந்த நீங்கள், கூட வேலை பார்த்தவள் என்ற முறையில் என்னை இந்த அஞ்சலியை எழுதச் சொன்னீர்கள். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் 'அவர்' என்று பேசினார்கள். எனக்கு 'அவள்' என்றுதான் வரும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மீது அன்பு உண்டு, மதிப்பு உண்டு. ஆனால் எல்லாவற்றையும்விடப் பொறாமைதான் அதிகம். அதை மறைத்துவிட்டு எழுதினால் இது வேறு யாருக்கோ எழுதிய அஞ்சலியாகிவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் திண்டுக்கல்லில் விலங்கியல் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். நான் சின்னாளபட்டி நெசவுக் குடும்பத்துப் பெண். கடலைக் கல்லூரிச் சுற்றுலாவில்தான் முதலில் பார்த்தேன். அவள் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மீனவ ஊர்க்காரி. மீன்வளப் பாடத்தில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தவள் நான். துறைத் தலைவரோ அந்தப் பாடத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, எனக்குப் புழுக்களையும் பூச்சிகளையும் கொடுத்தார்.

நான் சொல்லச் சொல்ல மாணவிகள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொள்வார்கள். பக்கத்து வகுப்பில் அமலி பேசும்போது வேதியியல் பெண்கள்கூட சன்னலோரம் வந்து நிற்பார்கள். "மீனெல்லாம் நடுக்கடல்லயே பிறந்து நடுக்கடல்லயே வளருதுன்னு நினைக்காதீங்க பிள்ளைகளா. கழிமுகமும் அலையாத்திக் காடும்தான் கடலோட அடுப்பங்கரை. குஞ்செல்லாம் அங்க வந்துதான் தின்னு வளரும். அடுப்பங்கரையை இடிச்சுப்போட்டு, வீட்ல சோறு இல்லன்னு அழுதா எப்படி?" நான் அதே செய்தியை உவர்நீர்ச் சூழலின் உற்பத்தித்திறன் என்று எழுதவைத்திருப்பேன். பரீட்சையில் என் குறிப்புகளுக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். ஆண்டு இறுதியில் ஆட்டோகிராப் வாங்குவதற்கு அவளைத்தான் சூழ்ந்து நிற்பார்கள்.

அந்த ஆண்டுகளில் திண்டுக்கல்லைச் சுற்றியிருந்த பல கிணறுகள் உப்பாகிக்கொண்டிருந்தன. தோல் பதனிடும் ஷாப்புகளில் பச்சைத் தோலின் உப்பைக் கழுவிவிடும் தண்ணீரும், பதனிட்ட சாயத் தண்ணீரும் ஓடைகளில் நின்று மண்ணுக்குள் இறங்கின. சின்னக்காளை அண்ணனின் மகள் எங்கள் மாணவி. அவள்தான் எங்கள் இருவரையும் தன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். தென்னைகள் உச்சி கருகி நின்றன. மோட்டார் இருந்தது, தண்ணீரும் இருந்தது. அதைப் பாய்ச்சத்தான் முடியவில்லை.

அமலி ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினாள். "இது கடலும் இல்ல, கிணறும் இல்ல. எங்க ஊர்க் கழிமுகத் தண்ணி மாதிரி இருக்கு. ருக்கு, இதுல பால்மீன் வளரும்ட்டி."

நானும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பால்மீன் உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும் என்று பாடப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தவள் நான். ஆனால் என் வாயில் அந்த வாக்கியம் வரவில்லை. அவள் வாயில் வந்துவிட்டது. அதை நான் நெடுநாள் மறக்கவில்லை.

துறைத் தலைவர் அதையே அவளுடைய முனைவர் பட்ட ஆய்வாக ஏற்றுக்கொண்டார். குஞ்சு பிடிக்க என்னையும் தன் ஊருக்கு அழைத்துப்போனாள். கடல் ஓதம் ஏறும் ஓடையில் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் அவள் வலை வீசினாள். நான் சேற்றில் செருப்பைப் பறிகொடுத்துவிட்டுக் கரையில் நின்றேன். பால்மீன் குஞ்சு கண்ணாடிச் சில்லு போல இருக்கும். இரண்டு கண்கள் மட்டும் கருப்பாகத் தெரியும். பிராணவாயு அடைத்த பிளாஸ்டிக் பைகளில் அவற்றை ரயிலில் கொண்டுவந்தோம். ஒரு பையை என் மடியில் வைத்தாள். "ஆட்டாதட்டி, பிள்ளைக தூங்கட்டும்" என்றாள். எதிரில் இருந்த அம்மாள் என்ன பலகாரம் என்று கேட்டார். அந்தப் பயணத்தில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதையும் எழுத வேண்டும். இறங்கியதும் மறுபடி பொறாமை வந்துவிட்டது.

தோட்டத்தில் வெட்டிக் கிணற்று நீர் நிரப்பிய குளத்தில் மீன் வளர்ந்தது. உப்பு மண்ணில் பச்சைப்பாசி படர்ந்தது, மீன் அதையே தின்றது. சின்னக்காளை அண்ணன் தினமும் கரையைச் சுற்றி வந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள், "எங்க வயல்ல நெல்லு விளைஞ்ச காலத்துலகூட இந்த மனுசன் இம்புட்டு சிரிச்சதில்ல" என்பார். அக்கம்பக்கத்தில் கிணறு இழந்தவர்கள் எல்லாம் தங்களுக்கும் குளம் வெட்ட அளந்து போட்டார்கள். எரியோட்டிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது. நடுவில் கையில் மீனோடு அமலி, ஒருபுறம் துறைத் தலைவர், மறுபுறம் சின்னக்காளை அண்ணன். அவருக்குப் பக்கத்தில் என் வலது தோள் மட்டும் தெரிந்தது.

அறுவடைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் அமலி சில மீன்களை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனாள். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுடைய தோழி இருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஆய்வுத் தலைப்பு வளர்ச்சி வேகத்தைப் பற்றியது. சதையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது.

திரும்பி வந்தவள் ஆசிரியர் அறையில் என் எதிரில் உட்கார்ந்தாள். "தோல் பதனிடுற குரோமியம் சதைக்குள்ள ஏறியிருக்குட்டி. மீன் தாங்கிக்கிட்டு வளருது. தின்கிற மனுசன் தாங்குவானான்னு எனக்குத் தெரியல. விற்க விட மாட்டேன்."

துறைத் தலைவர், "வளர்ச்சி விவரத்தோட ஆய்வேட்டை முடிச்சுக்கம்மா. சதை சமாசாரம் வேற யாரோ பார்க்கட்டும்" என்றார். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த அறிவுரையை நன்றியோடு ஏற்றுக்கொண்டிருப்பேன். அவள், "சாப்பிடக் கூடாத மீனை எப்படி வளர்க்கலாம்னு எழுதி நான் பட்டம் வாங்கணுமா சார்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

தோட்டத்துக்கு என்னைத் துணைக்கு அழைத்தாள். அங்கே நடந்ததை நான் நேரில் பார்த்தேன். அவள் சொல்லச் சொல்ல சின்னக்காளை அண்ணனின் முகம் மாறியது.

"ஏம்மா, மீன் கண்ணு முன்னால துள்ளுது. சீக்கு பிடிச்ச மீனா இப்படித் துள்ளும்? அம்புட்டையும் கொன்னு புதைக்கச் சொல்றியே, நீ நல்லாருப்பியா?" மண்ணை அள்ளி அவள் காலடியில் வீசினார். சுற்றி நின்றவர்களும் சத்தம் போட்டார்கள். யாரோ என் பக்கம் திரும்பி, "நீங்களாச்சும் சொல்லுங்க டீச்சர்" என்றார்கள். நான் அமலிக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

அப்போது பேச்சியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்குக் கோபமே இல்லை.

"ஏந்தாயி, அந்தக் கிணத்துத் தண்ணியிலதான் நாங்க சோறாக்குறோம். ருசி கெட்டாலும் வேற போக்கில்லன்னு அதைத்தான் குடிக்கிறோம். மீனுக்குள்ள ஏறுனது எங்க பிள்ளைகளுக்குள்ள ஏறாதா?"

அமலி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு காலமும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தேனே என்று பிற்பாடு பலமுறை சொல்லிப் புலம்பியிருக்கிறாள். அன்று அவள் சொன்னது ஒன்றுதான். "ஏறும்க்கா. இனிமே குடிக்காதீங்க."

மீன்களைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். புதைக்காமல் எடுத்துவைத்த சில மீன்களையும் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, பேச்சியம்மாளும் ஊர்ப் பெண்களும் முன்னே போக, அமலி அதிகாரிகளைப் பார்க்கப் போனாள். வாரம் தவறாமல் போனாள். முதலில் அவளைக் காக்கவைத்தார்கள். பிறகு ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டார்கள். அதன் பிறகு தண்ணீர் லாரி வந்தது. அடுத்த ஆண்டு ஆத்தூர் அணைத் தண்ணீர் குழாயில் வந்தது. முதல் குடத்தை அவளைத்தான் பிடிக்கச் சொன்னார்கள். மண் அள்ளி வீசிய சின்னக்காளை அண்ணன்தான் அவளைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றிலிருந்து அவளுக்கு அவர் அண்ணன்.

மீன் படம் பத்திரிகையில் வந்தபோது பட்ட பொறாமையை என்னால் சமாளிக்க முடிந்தது. அது உழைத்தால் எட்டக்கூடியது. இதை அப்படி எட்ட முடியுமா? ஒன்றரைத் தாள் கட்டுரையைக்கூட இழக்க மனம் வராதவள் நான். அவள் முழு ஆய்வையும் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. அவளுக்காக வருந்தியதாக வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

முனைவர் பட்டம் எனக்கு வந்தது. அவள் வேலையை விட்டுவிட்டுத் தன் கடற்கரைக்கே திரும்பினாள். இறால் பண்ணைக்கென்று அலையாத்தி மரங்களை வெட்டப் பலர் திட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. மரத்தில் கை வைக்காமல், ஓதம் தானாக வந்து போகும்படி பாத்தி கட்டி, ஊர்ப் பெண்களைக் கொண்டு பால்மீனும் மடவை மீனும் வளர்க்கும் ஆய்வைத் தொடங்கினாள். குஞ்சுகளில் ஒரு பகுதியை மறுபடி ஓடையிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். "கடல்ட்ட வாங்குனா கடலுக்குக் கொடுக்கணும். இல்லன்னா அது களவு" என்பாள்.

சென்ற கோடை விடுமுறையில் பார்க்கப் போனேன். சிறுநீரகம் பழுதாகி முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் பாத்திக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். மருத்துவம், மருந்து எல்லாம் பேசி முடித்த பிறகு, இத்தனை ஆண்டுகளாக உள்ளே கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அமலி, என்மேல உனக்கு எப்பவாச்சும் பொறாமை வந்திருக்கா?"

அவள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். "உன்மேலயா? எதுக்குட்டி?"

வேறு யாராக இருந்தாலும் ஒரு மரியாதைக்காவது வந்திருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். உன் பட்டத்தின்மேல், உன் கையெழுத்தின்மேல், உன் வீட்டுக்காரர்மேல் என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். அவளுக்குப் பொய் வராது. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். "நீ வந்தது நல்லதாப் போச்சு. அந்த மதகுப் பலகையைச் செத்த தூக்கிவிடு, தண்ணி ஏறுது" என்றாள். போய்த் தூக்கிவிட்டேன். அதுதான் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை.

நானும் சின்னக்காளை அண்ணனும் போய்ச் சேர்ந்தபோது மாதா கோயிலிலிருந்து கல்லறைக்கு எடுத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். ஊரே கடலுக்குப் போகாமல் இருந்தது. அண்ணனைப் பார்த்ததும் அவளுடைய அம்மா பெயர் சொல்லி அழைத்து அழுதார். என்னை அந்தக் கூட்டத்தில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லாம் முடிந்து பாத்திக் கரையில் தனியாக நின்றிருந்தேன். அவளோடு வேலை செய்த ஒரு பெண் அருகில் வந்தாள். அழுது அழுது அவளுக்குக் குரல் கம்மியிருந்தது.

"நீங்க அமலியக்காவுக்கு யாரு?"

"திண்டுக்கல்ல கூட வேலை பார்த்தவ. பக்கத்து பக்கத்து மேசை."

"தினமும் பார்ப்பீங்களா?"

"தினமும்."

"ஒண்ணாச் சாப்பிடுவீங்களா?"

"அவ கருவாடு கொண்டுவருவா. நான் சோறும் வெஞ்சனமும் கொண்டுபோவேன். மாத்திக்கிடுவோம்."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. வாழ்நாளெல்லாம் நான் இன்னொருத்தியைப் பார்த்த பார்வைதான் அது.

"எங்களுக்கு ரெண்டு வருசந்தான் கெடச்சுது" என்றாள். "நீங்க குடுத்து வச்சவங்க."

அமலியின் ஆய்வைத் தொடர அந்த ஊர்ப் பெண்கள் இருக்கிறார்கள். அவளைத் தங்கச்சி முறை சொல்லி அழ சின்னக்காளை இருக்கிறார். எனக்கென்று இருப்பவை அந்தத் திண்டுக்கல் ஆண்டுகள். பக்கத்து மேசையில் அவள் இருந்த ஒவ்வொரு நாளும் என்னுடையது. அதில் யாருக்கும் பங்கு தரமாட்டேன்.