நீலத் தொப்பிக்கு ஒரு லைஃப்

இது நிஜமாகவே நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் கேரில் பேசிய பெண்ணே சிரித்துவிட்டாள். இனிமேல் யார் சிரித்தால் எனக்கென்ன?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, கரண்ட் போயிருக்கும், நாய் ஊளையிடும் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் எவனோ சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

அன்று காலையில் என் அண்ணனுக்கு பைபாஸ் ஆபரேஷன். நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உள்ளே கொண்டுபோகும் முன் ஓர் அறையில் படுக்க வைத்திருந்தார்கள். அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். ஹெர்னியா ஆபரேஷனாம். மூன்று நாள் லீவு போட்டிருப்பதாகவும், ஒரு நாள் ஆபரேஷனுக்கு, மீதி இரண்டு நாள் தூங்குவதற்கு என்றும் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அப்போது நான் தும்மினேன். ஒரு முறை அல்ல, நான்கு முறை.

"சார், சளி இருந்தா இங்க நிக்கக் கூடாது" என்றாள் நர்ஸ்.

"லேசாத்தான் இருக்கு சிஸ்டர்."

"லேசா இருந்தாலும் வெளிய போங்க."

டிரைவர் தன் மனைவியைப் பார்த்து, "பையில சளி மிட்டாய் இருக்குல்ல, சாருக்கு ரெண்டு குடு" என்றார். அந்த அம்மா கொடுத்த மிட்டாயில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கூடப் பிறந்தவனை ஆபரேஷனுக்கு அனுப்பிவிட்டு, நான் வீட்டுக்கு வந்தேன். என் மனைவியும் அண்ணியும் அங்கேயே இருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூக்கை வெட்டி எறிந்துவிடலாமா என்றிருந்தது.

ஒரு மணிக்கு மனைவி போன் செய்தாள். ஆபரேஷன் முடிந்ததாம். ஆனால் கண் விழித்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றாராம் டாக்டர். அதற்குப் பிறகு அவள் போன் எடுக்கவே இல்லை. அண்ணியும் எடுக்கவில்லை. பத்து முறை அடித்திருப்பேன். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நின்றால் கால் வலித்தது. கை சும்மா இருக்கக் கூடாது என்றுதான் அந்தப் பெட்டியை டிவியில் மாட்டினேன்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. காசு போட்டு நின்றபடியே ஆடும் பெரிய பெட்டிகள். இப்போது அதே ஆட்டங்களை உள்ளங்கை அளவு பெட்டியில் அடைத்து, வீட்டு டிவியில் ஆடுங்கள் என்று விற்கிறார்கள். பழைய நினைப்பில் ஆசைப்பட்டு வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து வயிற்றெரிச்சல்தான். ஒயர் ஒரு முழம். டிவிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும். படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. அந்தக் காலத்தில் கடையே அதிர்ந்த சத்தம் இதில் கொசு ரீங்காரமாகக் கேட்டது. இத்தனை விலைக்கு ஒரே ஒரு கன்ட்ரோலர்தான். இரண்டாவது வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டுமாம். நான் வாங்கவில்லை.

எனக்கும் அண்ணனுக்கும் அதில் ஒரே ஒரு ஆட்டம்தான் உயிர். தீப்பிடித்த கட்டடத்தில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் ஏணி ஏணியாக மேலே ஏற வேண்டும். சிவப்புத் தொப்பி நான். நீலத் தொப்பி அவன். ஆளுக்கு மூன்று லைஃப். திரையின் மேல் மூலையில் மூன்று குட்டித் தொப்பிகளாகத் தெரியும். நான் பார்த்துப் பார்த்து ஏறுவேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு நெருப்பில் குதிப்பான். ஒவ்வொரு ஏணிக்கு முன்பும் இடது, வலது, இடது என்று ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் ஏறுவான். கேட்டால் ராசியாம். அந்த ராசியில் இரண்டாவது மாடி தாண்டுவதற்குள் மூன்று லைஃபும் போய்விடும்.

போனால் என்ன செய்வான் தெரியுமா? அந்த மெஷினில் ஒரு வசதி இருந்தது. லைஃப் தீர்ந்தவன் தன் ஸ்டார்ட் பட்டனை அடித்தால் கூட ஆடுபவனிடமிருந்து ஒரு லைஃப் அவனுக்குப் போய்விடும். இவன் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். நீலப் பட்டனை முஷ்டியால் ஒரு குத்து. ட்டக்! அந்தப் பட்டனில் ஸ்பிரிங் உடைந்திருந்தது. அதனால் அந்தச் சத்தம் கடை முழுக்கக் கேட்கும். என் தொப்பி ஒன்று காணாமல் போகும்.

"கேட்டுட்டு எடுக்கறதுக்கு என்ன?" என்று கத்துவேன்.

"தம்பிகிட்ட என்னடா கேக்கறது?" என்பான்.

என் சட்டை, என் குடை, என் சைக்கிள், எல்லாம் இந்தக் கணக்கில்தான் போயின. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு பத்துக்கு ஆட்டத்தை ஆரம்பித்தேன். தனி ஆள் ஆட்டம். சிவப்புத் தொப்பி மட்டும்தான் வர வேண்டும். மூன்றாவது மாடி வரைக்கும் அப்படித்தான் இருந்தது. கை பழைய பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மனசு போன் மேலேயே இருந்தது.

திடீரென்று ஒரு சத்தம்.

ட்டக்.

பக்கத்து வீட்டு ஓட்டைக்காரன் என்று நினைத்தேன். தலை நிமிர்ந்தால், என் தொப்பிகளில் இரண்டுதான் இருந்தன. நான் விழவே இல்லை. நெருப்பு என்மேல் படவே இல்லை. ஒரு லைஃப் போயிருந்தது.

எரிச்சலாக வந்தது. நாலு நாள் சம்பளத்தைக் கொட்டி வாங்கினால் இந்த லட்சணம். கஸ்டமர் கேருக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் கொஞ்ச ஆரம்பித்தது. அது கொஞ்சட்டும் என்று விட்டுவிட்டுத் தொடர்ந்து ஆடினேன்.

அப்போதுதான் கவனித்தேன். திரையின் கீழே, முதல் மாடியில், நீலத் தொப்பி நின்றுகொண்டிருந்தது.

தனி ஆள் ஆட்டத்தில் நீலத் தொப்பி எப்படி வரும்? கன்ட்ரோலரைப் பார்த்தேன். ஒன்றுதான். பெட்டியின் இரண்டாவது ஓட்டை காலி. விரலை வைத்துத் தடவியும் பார்த்தேன். காலிதான்.

நீலத் தொப்பி நடந்தது. ஏணி வரை வந்தது. நின்றது.

இடது... வலது... இடது...

ஏறியது.

என் கையில் கன்ட்ரோலர் வழுக்கியது. வியர்வை.

பெட்டி தானாகவே ஆடிக் காட்டுகிறது, வேறொன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது மாடியில் நீலத் தொப்பி நேராக நெருப்பில் குதித்தது. கண்ணை மூடிக்கொண்டு குதிப்பவன் குதிப்பது அப்படித்தான் இருக்கும்.

ட்டக்.

மறுபடியும் என் தொப்பி ஒன்று போனது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இந்த முறை சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை. எனக்கு வலது பக்கத்திலிருந்து வந்தது. அவன் எப்போதும் நிற்கும் பக்கம்.

"வணக்கம் சார், சொல்லுங்க" என்றது போன்.

தூக்கிவாரிப் போட்டது. கஸ்டமர் கேர் பெண். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், ஒரு நிமிஷம். பக்கத்துல யாரோ பட்டனைத் தட்டிக்கிட்டே இருக்காங்க. நீங்க பேசறது கேக்கல. அவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்றீங்களா?"

நான் வலது பக்கம் திரும்பவில்லை.

"இங்க... யாரும் இல்லம்மா."

"சார்?"

நீலத் தொப்பி மறுபடி விழுந்துவிட்டிருந்தது. வலது மூலையில் பத்திலிருந்து எண்கள் இறங்கத் தொடங்கின. அந்தக் காலத்தில் லைஃப் தீர்ந்தவனிடம் மறுபடி ஆட்டத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் அதே எண்கள்.

பத்து...

ஒன்பது...

"அண்ணா?" என்றேன். ஏன் அப்படிக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை.

எட்டு...

என் வலது முழங்கையில் ஏதோ இடித்தது. லேசாக. கொஞ்சம் தள்ளி நில்லுடா என்று அவன் இடிப்பானே, அப்படி.

ஏழு...

"சார், பிளக்கைக் கழட்டி மாட்டிப் பாருங்க. எல்லாம் சரியாயிடும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "கடைசி ஒண்ணு... இதைத் தர மாட்டேன்!" என்று கத்திவிட்டு ஒயரைப் பிடித்து இழுத்தேன்.

திரை இருண்டது. அப்போது மணி 2.43.

இருண்ட பிறகும் ஒரு முறை கேட்டது.

ட்டக்.

ஆனால் இந்த முறை தூரத்தில்.

மூன்று மணிக்கு மனைவியின் போன் வந்தது. அழுதுகொண்டே பேசினாள். அண்ணனுக்கு இதயம் இரண்டு தடவை நின்றுபோய், ஷாக் கொடுத்து மீட்டிருக்கிறார்கள். மூன்றாவது தடவையும் நின்றதாம். எத்தனை ஷாக் கொடுத்தும் அசையவில்லையாம். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அண்ணியிடம் சொல்ல வாயெடுத்த நேரத்தில், உள்ளே தானாகத் துடித்திருக்கிறது. இப்போது பரவாயில்லை என்றாள். நான் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். சந்தோஷத்தில்தான்.

நான்கு நாள் கழித்து சளி போன பிறகு என்னை உள்ளே விட்டார்கள். அண்ணன் அரை மயக்கத்தில் இருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தர மாட்டேன்னு ஒயரைப் புடுங்கிட்டியேடா" என்றான்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சின்ன வயசுலேருந்தே உனக்கு இந்தப் புத்திதான்."

"அண்ணா... அப்புறம் எப்படி நீ..."

"பக்கத்துல ஒருத்தர் இருந்தாரு. அவர்கிட்ட எடுத்துக்கிட்டேன்."

"கேட்டியா?"

அவன் லேசாகச் சிரித்தான். தூங்கிவிட்டான். மறுநாள் கேட்டபோது அவனுக்கு இதில் ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

வெளியே வந்து அண்ணியிடம் கேட்டேன். "அண்ணனுக்குப் பக்கத்துல ஒரு பஸ் டிரைவர் இருந்தாரே அண்ணி, வீட்டுக்குப் போயிட்டாரா?"

அண்ணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்களுக்குச் சொல்ல வேணாம்னு இருந்தோம் தம்பி. ஆபரேஷன் நல்லபடியாத்தான் முடிஞ்சுது, உங்க அண்ணனுக்குப் பக்கத்துலயேதான் கொண்டுவந்து படுக்க வெச்சாங்க. கண்ணு முழிச்சு அவர் வீட்டம்மாகிட்ட டீ கேட்டிருக்காரு. டீ வர்றதுக்குள்ள போயிட்டாரு. ஏன்னே டாக்டருங்களுக்குத் தெரியலையாம்."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டே முக்கால் இருக்கும். நம்மவருக்கு மறுபடி துடிக்க ஆரம்பிச்சுதே... அதே நேரம்தான்."

அந்த அம்மா கொடுத்த இரண்டாவது சளி மிட்டாய் அன்றைக்கும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இன்று வரை அதை எறியவும் மனசு வரவில்லை, தின்னவும் முடியவில்லை.

கஸ்டமர் கேருக்கு மறுபடி பேசினேன். லைஃப் எடுக்கும் வசதியில் ஏதோ கோளாறு என்றேன். அப்போதுதான் அந்தப் பெண் சிரித்தாள். "சார், வீட்டுக்கு வர்ற மாடல்ல அந்த வசதியே கிடையாது. எடுத்துட்டோம். பழைய ஆளுங்க எல்லாரும் அதைத்தான் கேட்டுத் திட்டறாங்க" என்றாள். பெட்டியை மாற்றித் தந்தார்கள். மாற்றி வந்த பெட்டியில் என் மனைவி ஸ்டார்ட் அழுத்தினால் மூன்று தொப்பி வருகிறது. நான் அழுத்தினால் ஒன்றுதான் வருகிறது. மூன்று பெட்டி மாற்றியாகிவிட்டது. ஒன்றுதான்.

அண்ணன் இப்போது நன்றாக நடக்கிறான், சாப்பிடுகிறான். ஆனால் துடிப்பு இன்னும் சீராக இல்லையாம். அடுத்த மாதம் நெஞ்சில் ஒரு சின்னக் கருவி வைக்கப் போகிறார்கள். போன வாரம் வீட்டுக்கு வந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எங்கள் வீட்டில் இப்படியெல்லாம் கையைப் பிடிக்கிற வழக்கமே இல்லை.

"போன தடவைதான் நீ இல்ல. இந்தத் தடவையாவது எனக்குப் பக்கத்துலயே இருடா" என்றான்.

இருக்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது? கூடப் பிறந்தவன்.

அன்றிலிருந்து தினமும் ஐஸ் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருக்கிறேன். ஈரத் தலையோடு ஃபேனுக்கு அடியில் படுக்கிறேன். சனியன், ஒரு தும்மல்கூட வரமாட்டேன் என்கிறது.