முகையூர் வரும்வரை

ஏழு வருஷம் பிள்ளை வளர்த்துவிட்டு மறுபடி வேலைக்குப் போவது லேசில்லை. "சோதனைக் காலம் முடியட்டும், பார்க்கலாம்" என்றுதான் அந்தப் பால் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். விழுப்புரத்தில் வீட்டிலிருந்தே எழுதிய முதல் புரோகிராம் அது. திருவாமாத்தூர், விக்கிரவாண்டி, முகையூர் என்று ஊருக்கு ஒரு த்ரெட், புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் வேலையாள் மாதிரி. ஒவ்வொன்றும் தன் ஊரின் பால் கணக்கைத் தனியாகப் போய் வாங்கி வரும். எல்லாம் வந்தபின் கூட்டிச் சொல்ல வேண்டும்.

வீட்டில் மாதிரிக் கணக்கை வைத்துப் பார்த்தபோது சரியாக வந்தது. கம்பெனியில் தினமும் மொத்தக் கணக்கில் லிட்டர் குறைந்தது. திண்டிவனத்தில் நாத்தனார் மகன் கல்யாணம். அன்று காலையில் மேனேஜர் போன் செய்து, சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டுதான் கல்யாணத்துக்குப் போனேன்.

பந்தியில் உட்கார்ந்தும் நினைப்பெல்லாம் அதிலேயே. சாம்பாரைப் பிசைந்துகொண்டே இருந்தேன், ஒரு வாய் இறங்கவில்லை. நிமிர்ந்தால் வரிசை முழுக்கச் சாப்பிட்டு முடித்துக் கை காய உட்கார்ந்திருந்தது. கடைசி ஆள் முடிக்காமல் பந்தியில் யாரும் எழமாட்டார்கள். அடுத்த பந்திக்காரர்கள் வேறு முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்து நின்றார்கள். மானம் போயிற்று. இலையை மடிக்கப் போனேன்.

பக்கத்திலிருந்த பெண் வீட்டு அம்மாள் தடுத்தார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

"நீ பொறுமையா சாப்புடும்மா. நாங்க குந்திக்கினுதானே இருக்கோம். இன்னா அவசரம்?"

அங்கே யாரும் கடிகாரம் பார்க்கவில்லை, என் இலையைத்தான் பார்த்தார்கள். அப்போதுதான் உறைத்தது. என் புரோகிராம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அஞ்சு செகண்ட் நில், பிறகு கூட்டு" என்று எழுதி வைத்திருந்த புத்திசாலி நான்தான். நெட் மெதுவான முகையூர் அதற்குள் எப்படி வரும்?

பாயசம்வரை ஒன்றையும் விடாமல் சாப்பிட்டேன். பிறகு மண்டப மாடிப்படியில் லேப்டாப்பைத் திறந்து அந்த வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு த்ரெட்டும் முடியும்வரை காத்திருக்கச் சொன்னேன். மற்ற ஊர்கள் வந்துவிட்டன. திரை அசையாமல் நின்றது. நிறுத்திவிடலாமா என்று கை பரபரத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முகையூர் வந்தது. லிட்டர் சரியாக இருந்தது. "வேலை நிரந்தரம், திங்கட்கிழமை ஆர்டர் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மேனேஜர் பதில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கீழே ஓடினேன். பெண் வீட்டு வேன், யாரோ ஒருவர் இன்னும் வரவில்லை என்று, கிளம்பாமல் நின்றிருந்தது. ஜன்னல் வழியாக அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றேன்.

எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை.

"வயிறு ரொம்பிச்சா?" என்று கேட்டார்.