மியூனிக் ரயிலின் முன்பாதி

இந்தியாவிலிருந்து ஹூஸ்டன் திரும்பும் வழியில் மியூனிக்கில் இரண்டு நாள் தங்கலாம் என்பது என் யோசனை. "திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு எனக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. ஞாயித்துக்கிழமை போய் இறங்குறது ரிஸ்க்குங்க" என்றாள் மனைவி செல்வி. "நான் இருக்கேன்ல?" என்றேன். அதுதான் ரிஸ்க் என்று அப்போது தெரியவில்லை.

ஹூஸ்டனை ஒட்டி நாங்கள் வசிக்கும் பேர்லேண்டில் பால் வாங்கக்கூட கார்தான். அதே பழக்கத்தில் மியூனிக்கிலும் முதல் நாள் வாடகைக் கார் எடுத்தேன். பார்க்கிங் தேடியே ஐம்பது நிமிடம் போயிற்று. மறுநாள் டிராம், சுரங்க ரயில் என்று நாள் டிக்கெட்டில் சுற்றினோம், பரம சுகம். அந்தத் தெம்பில் ஏர்போர்ட்டுக்கும் ரயில் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு 11:40க்கு விமானம். 10:40க்குச் செக்-இன் மூடிவிடும். மத்திய நிலையத்தில் 9:03க்கு எஸ்-1 ரயில், முக்கால் மணி நேரப் பயணம். எங்களிடம் ஆறு சூட்கேஸ், ஒவ்வொன்றும் 23 கிலோ. அப்பளம், மிளகாய்த்தூள், இட்லிப் பானை, இன்னும் என்னென்னவோ. முன்பெட்டி காலியாக இருந்ததால் அதில் ஏற்றினேன். என்ன சாமர்த்தியம்!

நாய்ஃபார்ன் நிலையத்தில் ஓர் அறிவிப்பு. பதினான்கு வயது மகள் நிலா இயர்போனைக் கழற்றினாள்.

"அப்பா, ஒன்லி தி ரியர் ஹாஃப் கோஸ் டு தி ஏர்போர்ட்! வீ ஆர் இன் ஃப்ரன்ட்!"

"ஒரே ரயில்மா. முன்னாடி பாதி மட்டும் வேற ஊருக்கா போயிடும்?"

போயிற்று. நான் ஒரு சூட்கேஸைக் கதவுவரை இழுப்பதற்குள் கதவு மூடி, ரயில் இரண்டாகப் பிரிந்து, எங்கள் பாதி ஃப்ரைசிங் என்ற ஊருக்குக் கிளம்பிவிட்டது.

அங்கே 9:50. வாசலில் ஒரே ஒரு டாக்ஸி. டிரைவர் எங்கள் மூட்டைகளைப் பார்த்து நான்கு விரல் காட்டினார். "ஃபோர். நாட் சிக்ஸ்." அடுத்த டாக்ஸி வர அரை மணி ஆகுமாம். ஆளில்லாமல் சூட்கேஸை விட்டுப்போனால் போலீஸ் வரும்.

"நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க. மிச்ச ரெண்டு சூட்கேஸோட நான் பஸ்ஸுல வந்துடுறேன்."

செல்வி பாஸ்போர்ட், கிரீன் கார்டு, இன்டர்வியூ லெட்டர் எல்லாம் ஒருமுறை சரிபார்த்தாள். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டாக்ஸிக்கு 35 யூரோ, பதினெட்டு நிமிடம். எனக்கு 10:21க்குத்தான் பஸ். அதில் உட்கார்ந்திருக்கும்போது மெசேஜ் வந்தது: "செக்-இன் ஆயிடுச்சு. சீக்கிரம் வாங்க." நான் கவுன்ட்டரை அடைந்தபோது 10:52. அடைத்துவிட்டார்கள்.

மறுநாள் விமானம்வரை ஏர்போர்ட் நாற்காலியில் யோசித்தவை, உங்களுக்காக: எஸ்-1 என்றால் பின்பாதியில் ஏறுங்கள். ஏர்போர்ட்டுக்கே போகும் இன்னொரு ரயிலான எஸ்-8 பிரிவதில்லை, அதுவே உத்தமம். சூட்கேஸ் நாலுக்கு மேல் போனால் ஹோட்டல் வாசலுக்கே பெரிய டாக்ஸி சொல்லிவிடுங்கள். நகருக்குள் கார் வேண்டவே வேண்டாம்.

செல்வி இன்டர்வியூவில் இருந்த நேரம் நான் கடலுக்கு மேலே இருந்தேன். ஹூஸ்டனில் இறங்கி வெளியே வந்தால், காரோடு நின்றாள்.

"பாஸாயிட்டேன்" என்றாள். "இனிமே டிக்கெட், ரூட் எல்லாம் நான்தான் பாப்பேன். ஏறுங்க."

குடியுரிமை உறுதிமொழி எடுக்க இன்னும் நாள் இருக்கிறது. ஆட்சி மட்டும் மாறிவிட்டது.