விதானை மாமாவின் நெருப்புப் பெட்டி

விதானை மாமாவின் மேசையின் இழுப்பு லாச்சியில் ஒரு நெருப்புப் பெட்டி இருந்தது. அவர் சுருட்டும் பிடிப்பதில்லை, பீடியும் தொடுவதில்லை. மாமி விளக்கேற்ற அவசரமாகத் தேடினாலும் அதைக் கொடுக்கமாட்டார். கடைக்கு ஆள் அனுப்புவார். வருடத்தில் ஒரு நாள், கோயில் கூத்தன்று மட்டும், அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புறப்படுவார். விஷயம் தெரியாதவர்களுக்கு அது கிறுக்காகத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

மாமா என் அம்மாவின் தமையன்; ஊர் நிர்வாகம் பார்க்க அரசாங்கம் வைத்த விதானை. அக்கராயன் குளத்தின் கீழ் வயல் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நாங்கள். காடு வெட்டிய கையோடு எங்கள் பெரியவர்கள் அம்மன் கோயிலையும் கட்டி, பொங்கலுக்கு இசைநாடகம் போடும் வழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். ராசா வேடக்காரர் மேடைக்கு வரும்போது இரண்டு பக்கமும் பந்தம் பிடித்து, அதில் குங்கிலியப் பொடியை வீசுவார்கள். குப்பென்று தீ ஆளுயரத்துக்கு எழும். சனம் அதற்காகவே வருகிறது என்றால் பாட்டுக்காரர்களுக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தீக்கு அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது. தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டகைக்குள் நெருப்பு அல்லவா, வட்டாரத்து அரச அதிகாரியான காரியாதிகாரியின் கந்தோரில் அனுமதிப் பத்திரம் எடுக்கவேண்டும். அதற்கு முதலில் விதானை இடத்தைப் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். தீக்கும் கூரைக்கும் இடைவெளி, பீப்பாவில் தண்ணீர், நனைத்த சாக்கு, பந்தம் பிடிப்பவர் பெயர், வாளியோடு நிற்பவர்கள் பெயர் என்று நிபந்தனைகள். மாமா இதில் ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்கமாட்டார். கயிறு பிடித்து அளப்பார். பீப்பாவுக்குள் கையை விட்டுப் பார்ப்பார். "விதானையார் கூத்துப் பாக்க வாறாரோ, குளம் அளக்க வாறாரோ?" என்று இளவட்டங்கள் பகிடி பண்ணும். வாளியோடு நிற்பவர்களில் முதலாவதாகத் தன் பெயரையே கொடுத்திருந்தார்.

பந்தத்தை எதிலிருந்து கொளுத்துவது என்று மட்டும் கந்தோர் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அது கேட்கிற விஷயமே இல்லை. பின்னேரப் பூசை முடிந்ததும் பூசாரியார் அம்மன் விளக்கிலிருந்து கொளுத்திக் கொடுப்பார். அம்மன் தந்த நெருப்பை வாயால் ஊதக்கூடாது, அதில் தண்ணீர் படக்கூடாது. எல்லாம் முடிந்தபின் பால் தெளித்துத்தான் அணைப்பார்கள்.

தீப்பிடித்த வருடம் ஆர்மோனியம் வாசித்தவர் என் அண்ணன். ராசா வந்தார், குங்கிலியம் பறந்தது, சனம் ஆரவாரித்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று சுழன்றடித்து, ஓரத்துக் கிடுகு ஒன்று பற்றிக்கொண்டது. சின்னத் தீதான், ஒரு வாளி போதும். வாளிகள் இருந்தன, ஆட்களும் நின்றார்கள். ஆனால் எல்லாரும் பூசாரியாரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரோ "பால், பால்!" என்று கத்தியபடி கோயிலுக்குள் ஓடினார். பெண்கள் பக்கத்திலிருந்து நான் அதைப் பார்த்தேன். முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு விற்க வந்திருந்த ஒரு கத்தோலிக்க வியாபாரிதான் பாய்ந்து வந்தார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஊத்துங்கோவன்!" என்றபடி யாருடைய கையிலிருந்தோ வாளியைப் பறித்து வீசினார். அதற்குள் கூரை சரிந்து அண்ணன் மேல் விழுந்துவிட்டது.

அண்ணன் உயிர் தப்பினார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அந்த வியாபாரி பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை; அம்மன் நெருப்பில் தண்ணீர் ஊற்றியவர் என்று சிலர் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்களாம். அவர் ஊற்றியிராவிட்டால் எனக்கு அண்ணன் இல்லை.

அடுத்த வருடம் கூத்து நெருங்கியபோது மாமா ஒரு புது நிபந்தனை வைத்தார்: பந்தத்தை நெருப்புப் பெட்டியால்தான் கொளுத்தவேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை. விதானைக்குத் தலைக்கனம் என்று ஊர் கொதித்தது. எல்லாரையும்விட அம்மாதான் இடிந்துபோனார். பிள்ளை பிழைத்தால் அடுத்த வருடப் பந்தத்தை அம்மன் விளக்கில் கொளுத்தி எங்கள் வீட்டார் பிடிப்போம் என்று அவர் நேர்ந்திருந்தார்.

மாமா எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். அம்மா நின்றபடியே கேட்டார்.

"அண்ணை, அம்பாளுக்கு நேர்ந்தது. நீங்கள் கையெழுத்து வையாட்டி நான் என்ன செய்யிறது?"

"அந்த விளக்கில கொளுத்தினா ஒருத்தரும் தண்ணி ஊத்தமாட்டினம், தங்கச்சி."

"அவை பயந்த சனம். நீங்கள் நிண்டா ஊத்துவியள்தானே?"

மாமா நிலத்தைப் பார்த்தார். "போன முறையும் நான்தான் நிண்டனான். அந்த மனுசன் பறிச்சது என்ர வாளியை."

அம்மா குசினிக்குள் போனார். திரும்பி வந்து, அடுப்படியில் இருந்த நெருப்புப் பெட்டியை அவர் பக்கத்தில் வைத்தார். "கொண்டு போங்கோ" என்றார், அவ்வளவுதான். அதன் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி அம்மா கையால் இல்லை, என் கையால்தான் போகும்.

போன மாதம் கிளிநொச்சி மைதானத்தில் நடந்த இசை நிகழ்ச்சியில் அண்ணனின் பேரன் தீ எழுப்பினான். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது பொத்தானை அமத்த, மேடை ஓரத்து இரும்புப் பெட்டிகளிலிருந்து தீ சீறியது. அனுமதியெல்லாம் முறையாக எடுத்தாயிற்று, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆள் நிற்கிறது என்று பெருமையாகச் சொன்னான்.

"தீப் பிடிச்சா ஆரைக் கேட்டு அணைப்பியள்?" என்றேன்.

"ஏன் கேக்கவேணும்?" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவின் செத்தவீடுதான் நினைவுக்கு வந்தது. தலைமாட்டில் குத்துவிளக்கு ஏற்ற மாமி நெருப்புப் பெட்டி தேடியபோது அம்மா எழுந்தார். நேரே மேசைக்குப் போய், லாச்சியைத் திறந்து, அந்தப் பெட்டியை எடுத்து விளக்கை ஏற்றினார். பிறகு அதை லாச்சியிலேயே திரும்ப வைத்துவிட்டு, என் அண்ணனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒட்டிப்போன அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டார்.