அடைக்கோழிக்குக் காவல்

என் அத்தையின் கை ராசியில்லாத கை என்று எங்கள் ஊர் அறுபது வருடங்களுக்கும் மேலாகச் சொல்லிவந்தது. அதற்குக் காரணம் நான். பார்த்துக்கொள்ளச் சொன்ன ஓர் அடைக்கோழியை விட்டுவிட்டு ஒருநாள் ஓடிப்போனேன். பழி அத்தையின்மேல் விழுந்தபோது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். உண்மையைச் சொல்லவில்லை.

நாகலாபுரத்திலிருந்து நாராயணவனம் போகிற சாலையின் ஓரத்தில் எங்கள் ஊர். மேற்கே மலை. மழைக்காலத்தில் மேகம் இறங்கி வந்து மலையின் பாதி உடம்பை மறைத்துக்கொள்ளும். அப்போது எனக்கு எட்டு வயது. அத்தை என் நைனாவின், அதாவது அப்பாவின், கடைசித் தங்கை. முந்தின தை மாதத்தில்தான் வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆடிக்குப் பெண்ணை அழைத்துவந்தோம். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். ஆவணி போயிற்று, புரட்டாசி வந்தது, யாரும் வரவில்லை. அந்த வீட்டில் அத்தை காலெடுத்து வைத்த பிறகு ஒரு கறவை மாடு செத்துப்போயிருந்தது. அவள் விதைத்த மிளகாய் நாற்று அழுகிப்போயிருந்தது. அவள் கை சரியில்லை என்று அங்கே பேசிக்கொண்டார்கள்.

இந்தப் பேச்சு எங்களுக்கு மேலவீட்டுப் பெரியம்மா வழியாக வந்தது. அவர் அத்தையின் மாமியாருக்கு உடன்பிறந்த அக்கா. எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவர். இங்கே நடப்பது அங்கே போவதும், அங்கே நடப்பது இங்கே வருவதும் அவர் வாயால்தான்.

என் அம்மா நாக்குக் கூர்மையானவள். நாத்தனாரையும் விட்டுவைத்தவள் இல்லை. ஆனால் அந்தப் புரட்டாசியில் அவள் ஒரு காரியம் செய்தாள். மாதம் முழுக்க வீட்டில் முட்டை சாப்பிடுவதில்லை என்பதால் அடுக்குப்பானையில் முட்டை சேர்ந்திருந்தது. செம்பழுப்புக் கோழி ஒன்று அடைக்குக் கத்திக்கொண்டிருந்தது. அம்மா மேலவீட்டுப் பெரியம்மாவை வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டாள்.

"அடை வெக்கப் போறோம் பெரிம்மா. நீங்க இருந்து பாருங்க."

"யாரு வெக்கறது?"

"எங்க நாத்தனாருதான்."

"அவளா? அங்க அவ வெதச்ச நாத்து அழுவிப் போச்சின்னு எந் தங்கச்சி அழுவுறா."

"மழையில அழுவாத நாத்து எந்த ஊர்ல கீது பெரிம்மா? அந்த ஊருக்கே எங்களையும் கூட்டிக்கினு போங்க."

பெரியம்மா சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை அவர். "சரி, வெக்கட்டும். நல்லா பொரிச்சா நானே ஒரு ஜோடி குஞ்சு எடுத்துக்கினு போயி எந் தங்கச்சி மடியில வுட்டுட்டு வரேன். இதாண்டி உம் மருமவ கைன்னு சொல்றேன்" என்றார்.

அத்தை பழைய மூங்கில் கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். நடுவில் ஒரு கரித்துண்டு, ஒரு இரும்பு ஆணி, ஒரு காய்ந்த மிளகாய். இடி இடித்தாலும் முட்டை கெடாமலிருக்க எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வைப்பார்கள். கோழி ஏறி உட்கார்ந்து, இறக்கையை விரித்து, எல்லாவற்றையும் தன் அடியில் இழுத்துக்கொண்டது.

தினமும் ஒரு வேளை கோழியை இறக்கிவிடுகிற வேலை எனக்கு. "தவுடு துன்னு, தண்ணி குடிச்சி, அது திரும்பி வந்து குந்துற வரைக்கும் நீ நவுரக் கூடாது. முட்ட ஆறிச்சின்னா அவ்ளோதான்" என்றாள் அம்மா.

"அவன் பாத்துக்குவான் அண்ணி. எந் நைனா இல்ல அவன்" என்றாள் அத்தை. அப்பாவைக் கூப்பிடுகிற சொல்லாலேயே என்னையும் கொஞ்சுவாள்.

அந்த அறையை இப்போதும் கனவில் காண்கிறேன். ஜன்னல் கிடையாது. கூரையில் ஓர் ஓடு உடைந்த இடத்தில் வெயில் ஒரு கோலைப் போல இறங்கி நிற்கும். அதற்குள் தூசு மிதக்கும். ஒருநாள் கோழி இறங்கியிருந்தபோது அத்தை ஒரு முட்டையை எடுத்து அந்த வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். முட்டை உள்ளிருந்து விளக்கேற்றியது போலச் சிவந்தது. இலை நரம்பு மாதிரி மெல்லிய சிவப்பு இழைகள்; நடுவில் ஒரு கரும்புள்ளி துடித்தது.

"உள்ள ஒருத்தன் கீறான் பாரு" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு முட்டையைக் கன்னத்தில் ஒரு கணம் வைத்துக்கொண்டுவிட்டுக் கூடையில் வைத்தாள். அவள் கல்யாணமாகிப் போனதிலிருந்து நான் பார்க்காத ஒரு சிரிப்பு அன்று அவள் முகத்தில் இருந்தது.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. வானம் மூடிக்கிடந்தது. பெருமழை வருவதற்குள் வேர்க்கடலையைப் பிடுங்கிவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் விடிவதற்குள் கொல்லி நிலத்துக்குப் போய்விட்டார்கள். நான் கோழியை இறக்கிவிட்டு, முட்டைகளின்மேல் துணியைப் போர்த்திவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் சாலையில் கோவிந்தா சத்தம் கேட்டது.

மெட்ராஸ் பக்கத்திலிருந்து திருமலைக்கு நடந்துபோகிறவர்கள். வருடாவருடம் போவார்கள், ஆனால் அன்று போனது போன்ற கூட்டத்தை நான் பார்த்ததில்லை. மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, தூறலில் நனைந்த மஞ்சள். வெறுங்கால்கள் ஈரச் சாலையில் ஒரே சீராக விழுந்தன. நடுவில் ஒரு பெரிய வெண்பட்டுக் குடை, விளிம்பில் சரிகைத் தொங்கல். மலையிலிருந்த மேகம் சாலைவரை இறங்கியிருந்ததால் அவர்கள் மேகத்திலிருந்து வந்து மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

கோழி இன்னும் தவிட்டைக் கொத்திக்கொண்டிருந்தது. நாய் பிடித்துவிடக் கூடாதே என்று அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்தேன். கூடையின்மேல் ஒரு கல்லை வைத்தேன். ஒரே நிமிடம், பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் ஓடினேன்.

குடையைப் பிடித்து வந்தவர், "உள்ள வா கண்ணு, நனையாத" என்றார். நான் குடைக்குள் போனேன். சரிகைத் தொங்கல்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் நடக்கும்போது நான் நடப்பதாகவே தெரியவில்லை. சாலைதான் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. புளியமரங்கள் வந்தன, ஏரிக்கரை வந்தது, எனக்குப் பெயர் தெரியாத ஊர்கள் வந்தன. திரும்ப வேண்டும் என்று இரண்டொரு முறை நினைத்திருப்பேன். நாராயணவனத்தில் ஒரு சத்திரத்தில் இலை போட்டுப் புளியோதரை கொடுத்தார்கள். சூடாக, நிறைய வேர்க்கடலை போட்டு. வயிறு நிறைந்ததும் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாட்டுவண்டிக்காரர்தான் என்னை அடையாளம் கண்டு ஏற்றிக்கொண்டு வந்தார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கொல்லிக்குப் போனவர்கள் இன்னும் வரவில்லை. கூடைக்குள் சத்தமே இல்லை. கல்லைத் தள்ளிக் கூடையைத் தூக்கினேன். கோழி ஒரு பக்கமும் பார்க்காமல், சிந்திக் கிடந்த தவிட்டைக்கூடத் தொடாமல், நேராக வீட்டுக்குள் ஓடியது. அதன் கழுத்தில் மூங்கில் உராய்ந்து இறகு உதிர்ந்திருந்தது.

நான் ஒரு முட்டையைத் தொட்டேன். ஆற்றில் கிடக்கும் கூழாங்கல் மாதிரி இருந்தது. அடுப்படிக்கு ஓடி, சாம்பலுக்கடியில் மிச்சமிருந்த தணலில் உள்ளங்கைகளைக் காட்டி, ஓடி வந்து கோழியின் அடியில் கைகளை நுழைத்து முட்டைகளைப் பிடித்துக்கொண்டேன். திரும்பவும் அடுப்படி, திரும்பவும் கூடை. அம்மாவின் குரல் வாசலில் கேட்டதும் நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகும் அந்தக் கோழி உட்கார்ந்தது. இறக்கிவிட்டால் நான்கு கொத்துக் கொத்திவிட்டு உடனே திரும்பி ஓடிவரும். அத்தை தினமும் கூடையருகே வந்து நின்று பார்த்துவிட்டுப் போவாள். "எந் நைனா நல்லா பாத்துக்கிறான்" என்பாள். ஒருவேளை முட்டைகள் மறுபடியும் சூடேறிச் சரியாகியிருக்கும் என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

பொரிக்க வேண்டிய நாளில் மேலவீட்டுப் பெரியம்மா வந்தார். கையில் ஒரு சின்னக் கூடை. உள்ளே பழைய புடவைத் துணியை மெத்தையாக மடித்துப் போட்டிருந்தார். அன்று பொரிக்கவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கும் மறுநாள் அம்மா வெதுவெதுப்பான தண்ணீரை அகலமான சட்டியில் ஊற்ற, அத்தை முட்டைகளை அதில் விட்டாள். உயிருள்ள முட்டை தண்ணீரில் தானாக அசையும். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் அசையவில்லை.

"அன்னிக்கி இடி இடிச்சிதே, அதுல போயிருக்கும்" என்றாள் அம்மா.

"இரும்பு, கரி எல்லாம் வெச்சித்தானே கீது" என்றார் பெரியம்மா.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "டேய், கோழி எப்பவாச்சும் வெளிய நின்னு போச்சாடா?"

"இல்லம்மா."

"அவன ஏன் அண்ணி கேக்குற? பச்சப் புள்ள" என்றாள் அத்தை.

பெரியம்மா கூடையிலிருந்த துணியை எடுத்து உதறி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் அம்மா பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பாள்.

வரதய்யபாளையத்துக்காரர்கள் அத்தையை அழைக்க வரவே இல்லை. அடுத்த வருடம் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. குஞ்சு பொரித்திருந்தாலும் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள முடியாமல் செய்தவன் நான்தான்.

அத்தை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். சாணி அள்ளுவாள், களி கிண்டுவாள், கடலை உரிப்பாள். ஆனால் விதை போடுவது, பாலுக்கு உறை ஊற்றுவது, அடை வைப்பது எதற்கும் கை நீட்ட மாட்டாள். "நீ வா நைனா, உங் கையால வை" என்று என்னைக் கூப்பிடுவாள். நான் வைத்ததெல்லாம் வந்தது. பூசணி காய்த்தது, முட்டை பொரித்தது. ராசிக்காரப் பையன் என்று தெருவில் மற்ற வீட்டுக்காரர்களும் என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள். நானும் போனேன். கொஞ்சம் பெருமையாகவே போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு படித்தேன். திருப்பதியில் ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். அங்கே வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, பானையை அடுப்பில் ஏற்ற அத்தையைக் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லாமலே ஈடு செய்துவிடலாம் என்ற எண்ணம். அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "புது வூட்ல இன்னாத்துக்குடா வெளையாட்டு? உம் பொண்டாட்டிய கூப்புடு" என்றாள்.

சென்ற வருடம்தான் சொன்னேன். என் தம்பி குடும்பத்தோடு அத்தை ஊர் வீட்டில் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். முறத்தில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும், கூடையையும் கல்லையும் குடையையும், சொல்லி முடித்தேன். அவள் விரல்கள் நின்றன.

"எது வரைக்கும் போன?"

"நாராயணவனம் வரைக்கும் அத்த."

"துன்றதுக்கு இன்னா குடுத்தாங்க?"

"புளிசோறு."

"நல்லா இருந்திச்சா?"

"நல்லா இருந்திச்சி அத்த."

திரும்பவும் கல் பொறுக்கத் தொடங்கினாள். பொறுக்கிய கல்லைத் தூர எறிந்துவிட்டு, "எங் கைதான்னு நெனச்சி அடங்கிட்டேன்டா. இப்ப வந்து சொல்ற" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு நான் ஊருக்குப் போனபோதெல்லாம் என்னிடம் பேசவில்லை. சொன்னது யாருடைய நன்மைக்காக என்று அப்போதுதான் யோசித்தேன்.

இந்த வருடம் ஆவணி முடிகிற சமயம், தம்பி பேரனின் செல்போனிலிருந்து அத்தை கூப்பிட்டாள். "புரட்டாசி பொறக்குது. முட்ட சேத்து வெச்சிக்கீறேன். நீ வந்து காவலுக்கு இரு. எங்கயும் போவாத."

போனேன். இந்த வயதில் கோழிக்குக் காவலா என்று என் மகன் சிரித்தான். அத்தை தன் கையாலேயே முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். ஆணி கிடைக்காமல் டிராக்டர் போல்ட் ஒன்றைத் தேடி எடுத்து வைத்தாள். நான் மூன்று வாரமும் ஊரிலேயே இருந்தேன். தினமும் கோழியை இறக்கிவிட்டு, அது திரும்பி ஏறுகிறவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சாலையில் கோவிந்தா சத்தம் போயிற்று. இப்போது ஒலிபெருக்கி கட்டிய வேனும் கூடப் போகிறது. நான் எழுந்திருக்கவில்லை. அத்தை கதவருகே வந்து நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டு கூமுட்டை போக மற்றதெல்லாம் பொரித்தன. கோழி குஞ்சுகளை வாசலுக்கு இறக்கிவந்தபோது அத்தை நொய்யை வாரி இறைத்தாள். பிறகு ஒரு ஜோடிக் குஞ்சைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டு மேலவீட்டுப் பக்கம் பார்த்தாள். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பெரியம்மா, அவர் தங்கை, அந்த மாப்பிள்ளை என்று எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"இப்ப யாருகிட்டடா போயி சொல்றது?" என்று என்னைக் கேட்டாள்.

முட்டை ஆறிப்போனால் குஞ்சு வராது என்பது எட்டு வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. வரதய்யபாளையத்துக்குப் போக வேண்டிய ஒரு வார்த்தையும் அந்தக் கூடைக்குள்தான் இருந்தது என்பது தெரியாது.