கெட்டித்த துப்பாக்கி, ஆனி மாதக் காற்று

என் மாமாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. மூன்றாம் வகுப்பில் நான் காட்டிய அத்தனை பந்தாவுக்கும் அதுதான் மூலதனம். லைசென்ஸ் உள்ள நாட்டுத் துப்பாக்கி. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, மேலே தக்கை வைத்துக் கம்பியால் குத்திக் கெட்டிக்க வேண்டும். குண்டும் அதே வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் மாமா குண்டைத் தொட்டே வருஷக்கணக்காகியிருந்தது. காங்கேயம் பக்கத்தில் அவர் விதைத்த மக்காச்சோளமெல்லாம் தங்களுக்குத்தான் என்று அந்த ஊர் மயில்கள் முடிவு செய்திருந்தன. மயில் மேல் ஒரு ரவை பட்டாலும் மாமா கம்பி எண்ண வேண்டியதுதான். அதனால் மருந்து, தக்கை, டமால், அவ்வளவே. தக்கைக்கு வேலம்பாளையத்தில் என் அப்பா நடத்திய தையல் யூனிட்டிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டை போகும். மயிலை எக்ஸ்போர்ட் குவாலிட்டித் துணியில் விரட்டிய ஒரே விவசாயி என் மாமாவாகத்தான் இருக்கும்.

மயில் ஓடியது. பெண்ணும் ஓடியது, அதுதான் சிக்கல். தோட்டம், கிணறு, மாடு என்று எல்லாம் இருந்தும் மாமாவுக்குக் கல்யாணம் கூடவில்லை. எல்லாருக்கும் கம்பெனி வைத்திருக்கும் மாப்பிள்ளை வேண்டும். வருவார்கள், சுற்றிப் பார்ப்பார்கள், காபி குடிப்பார்கள், "போயிட்டுப் போனு பண்றோமுங்க" என்று எழுவார்கள். அந்தப் போன் ஒரு தடவைகூட வந்ததில்லை. அம்மா தம்பியை நினைத்து அடுப்படியில் மூக்கைச் சிந்துவாள். இந்த இடமும் தட்டிப்போனால் இனிமேல் யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்களும் மாமா தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தோம். வந்தவர்களில் பெண்ணும் இருந்தார். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நான் வாழப்போகும் வீட்டை நான் பார்க்க வேண்டாமா என்று கேட்டு அப்பாவோடு கிளம்பி வந்துவிட்டாராம். அந்த அப்பா அரிசி மில்காரர், சிரிப்பைச் செலவு செய்யாத முகம். காபி முடிந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். அடுத்து என்ன வரும் என்று எனக்கே தெரியும்.

ஆனால் எழும்போது சுவரில் தொங்கிய துப்பாக்கி அவர் கண்ணில் பட்டது. சும்மா மாட்டியிருக்கிறதா, இல்லை சுடவும் தெரியுமா என்று கேட்டார். ஏதோ பழக்கமுங்க என்றார் மாமா. அப்படியென்றால் அந்த வேலிக் கல்லுக்கால் மேல் ஏதாவது வைத்து அடித்துக் காட்டுங்க தம்பி என்றார் மில்காரர்.

நூல் சுற்றி வரும் காலி அட்டைக் கோன் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தோம். கல்லுக்குப் பின்னால் ஏரிக்கரை மேடு மட்டும்தான், ஆள் நடமாட்டமே கிடையாது. ஆனி மாதக் காற்று வேட்டியை வேட்டியாக இருக்க விடவில்லை. மாமா கெட்டித்தார், குறி பார்த்தார், சுட்டார். புகை அத்தனையும் எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் கல் மேல் கோன் இல்லை. மில்காரர் கை தட்டினார். நான் ஓடிப்போய் கோனை எடுத்து வந்தேன். அதில் ஓட்டை என்று ஒன்றுமே இல்லை.

மாமா கோனைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சட்டைப் பையில் கையை விட்டு ஈயக்குண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"போட மறந்துட்டனுங்க. மயிலுக்குச் சுட்ட பழக்கம்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் மட்டும் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப கோனைத் தள்ளுனது காத்துங்களா?"

"ஆமாங்க."

"இப்பக் குண்டு போட்டே சுடுங்க. நான் போயி நிறுத்தி வெக்கறேன்."

கோனுக்குள் கல்லைப் போட்டு நிறுத்திவிட்டு வந்தார். மாமா இம்முறை எல்லாருக்கும் காட்டிவிட்டுக் குண்டைப் போட்டுக் கெட்டித்தார். தோளில் வைத்தார், இறக்கினார். காற்று குழலையே ஆட்டுகிறது, கொஞ்சம் அடங்கட்டும் என்றார். மில்காரர் வாட்சைப் பார்த்தார். நாலரைக்கு ராகு காலம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று கார்ச் சாவியை எடுத்தார்.

மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "குண்டு போட்டுட்டா வெளிய எடுக்க முடியாதுங்க. சுட்டுத்தான் தீரோணும். புள்ளை இருக்கற ஊட்டுக்குள்ள இப்படியே கொண்டுபோயி மாட்டவும் முடியாது."

"வெச்சுட்டு எங்களைக் கார் வரைக்குமாச்சும் அனுப்பி வெக்கலாமுல்ல?" என்றார் மில்காரர்.

"கெட்டிச்சவன் அதை உட்டு நகரக் கூடாதுங்க."

மில்காரர் மகளைப் பார்த்தார். மகள், நாமே சுடச் சொல்லிவிட்டுப் பாதியில் போவது நன்றாக இருக்காது என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே நாலரை தாண்டிவிட்டது. இனி ஆறு மணி வரை கிளம்ப முடியாது. அம்மா பஜ்ஜிக்கு மாவு கரைக்க ஓடினாள். மில்காரர் உள்ளே போய் என் அப்புச்சியோடு, அதாவது அம்மாவின் அப்பாவோடு, நெல் விலை பேச உட்கார்ந்தார்.

வேலியோரம் மாமா துப்பாக்கியோடு நின்றார். பக்கத்தில் அந்தப் பெண். காற்று அடங்கியதும் சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டு, வீட்டு வாசலில் நின்றபடி சோளத் தோகைகளைக் கவனித்தேன். முதலில் பேயாட்டம் ஆடின. பஜ்ஜி ஒரு தட்டு போனது, இன்னொரு தட்டும் போனது. அங்கே பேச்சு மட்டும் நிற்கவில்லை. மாமா கையை நீட்டிக் கிணற்றைக் காட்டினார். அந்தப் பெண் திருப்பூர் பஸ் நேரம் ஏதோ விரலில் எண்ணிக் காட்டினார். அப்புறம் தோகைகள் அசையவே இல்லை. நான் கத்தினேன்.

"மாமா, காத்து நின்னுருச்சு!"

"இன்னும் இருக்குது கண்ணு," என்றார் மாமா, திரும்பாமலே.

கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கத்தினேன். இந்த முறை ரெண்டு பேரும் ஒரே குரலில் "இருக்குது கண்ணு" என்றார்கள்.

ஆறு அடித்து, மில்காரர் வெளியே வந்த பிறகுதான் மாமா சுட்டார். குண்டு ஏரிக்கரையில் எங்கோ புதைந்தது. கோன் ஜம்மென்று நின்றது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. நாளைக்குப் பள்ளியில் என்ன சொல்வேன்? பெரியவர்களோ கொஞ்சமும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மில்காரர் போன் பற்றிப் பேசவில்லை. மண்டபம் எங்க ஊர்ப் பக்கம் பார்த்துக்கொள்ளலாமுங்களா என்று அப்புச்சியிடம் கேட்டார்.

கார் போனதும் எனக்கு ஒரு சந்தேகம். நான் குட்டை. என் உயரத்தில் காற்று நின்று, அவர்கள் உயரத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்குமோ? மாடு தண்ணி குடிக்கும் தொட்டியின் விளிம்பில் ஏறி, கையை மேலே நீட்டிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. சரி, மாமாவுக்குக் குறியும் தெரியாது, காற்றும் தெரியாது, பாவம், இவரைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கும் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டு, மீதி பஜ்ஜி இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனேன்.