பேலுக்குள் அசைந்த கால்

அன்னூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பஞ்சு பொறுக்குகிறேன். பேல் என்கிற பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போட்டதும் அதில் கிடக்கும் முடி, சாக்கு நார், பாலித்தீன் துண்டு எல்லாவற்றையும் பெண்கள் நாங்கள் கையால் எடுப்போம். அன்றைக்குப் பிரித்தது கப்பலில் வந்த வெளிநாட்டுப் பஞ்சு. ஒரு கட்டியைப் பிய்த்தபோது விரலில் ஒரு வண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அரிசி வண்டைவிடப் பெரியது. சாம்பல் நிறம், நீண்ட மூக்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பின்கால் மடங்கி நீண்டது.

பருத்தியை அழிக்கும் வண்டு ஒன்று வெளிநாட்டில் உண்டு, அது இங்கே நுழையக் கூடாது என்றுதான் வரும் பேலுக்கெல்லாம் விஷப்புகை போடுகிறார்கள், வண்டு கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று மில்லில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மில் சுவரை ஒட்டியே எங்கள் காடு. இந்த முறை என் வீட்டுக்காரர் அதில் முழுக்கப் பருத்திதான் போட்டிருந்தார்.

தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, வண்டை உள்ளே போட்டு மூடியை இறுக்கினேன்.

“ஏனுங்கக்கா, ஊட்டுக்காரருக்குப் பலகாரமுங்களா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள்.

மேஸ்திரி வந்து பாட்டிலைப் பார்த்தார். “வீசிப்போட்டு வேலையைப் பாருங்கம்மணி. ஆபீசுக்குத் தெரிஞ்சா குடோனைப் பூட்டிப்போடுவாங்க. அப்புறம் உங்களுக்கெல்லாம் நானா சோறு போடறது?”

நான் ஆண்களிடம் நிமிர்ந்து பேசிப் பழகாதவள். பாட்டிலோடு மானேஜர் அறை வாசலில் போய் நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. அவராகப் பார்த்துத்தான் பாட்டிலை வாங்கினார்.

மறுநாள், மானேஜர் தகவல் சொல்லி, பூச்சி அதிகாரி வந்தார். லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“அந்த வண்டு மாதிரிதான் இருக்குது. ஆனா செத்திருக்குது. புகையிலயே செத்திருக்கும்.”

“நான் அப்பவே சொன்னனுங்க சார்” என்றார் மேஸ்திரி.

இப்போது விட்டால் முடிந்தது என்று தோன்றியது. “நேத்து அது பின்காலை அசைச்சுதுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

“ஃபேன் காத்துல அசைஞ்சிருக்குமுங்க” என்றார் மேஸ்திரி.

“ஃபேனை நிறுத்திப்போட்டுத்தானுங்களே பஞ்சு பொறுக்கறோம். இல்லாட்டிப் பறந்துபோயிருமே.”

“அப்படின்னா புகைக்கு அப்புறமும் உசுரோட இருந்திருக்குது” என்று அதிகாரி பாட்டிலை மறுபடி கையில் எடுத்தார். அந்தக் கப்பலில் வந்த பேல் எதையும் தொடக் கூடாது என்றார். எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டு மூடி மறுபடி புகை போட வேண்டும். அதுவரை எங்களுக்கு வேலை இல்லை.

“ஒத்தை வண்டு, அத்தனை பேர் வாயிலயும் மண்ணைப் போட்டுருச்சு” என்று ஒருத்தி என் காதுபட முனகினாள்.

அதிகாரி சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்துக் கேட்டார். “அந்தப் பருத்தி யாரோடதுங்க?”

“எங்களதுங்க.”

அவர் முகம் மாறியது. தன் நம்பரைக் கொடுத்தார். “பூக்கறதுக்கு முந்தின சப்பை மொட்டைத் தெனமும் பாருங்க. துளை இருந்தா உடனே கூப்பிடுங்க.”

நேரே காட்டுக்குள் போனேன். “என்னம்மணி, இந்நேரத்துல?” என்ற வீட்டுக்காரரைத் தாண்டிப் போய்ச் சால் சாலாகச் சப்பைகளை விரித்துப் பார்த்தேன். வேலியோரச் செடி ஒன்றில், ஒரு சப்பையில், ஊசி குத்தினாற்போல் ஒரு துளை. நம்மூர்ப் புழுவும் துளை போடும். இது எது போட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரரின் போனை வாங்கினேன். அதிகாரியின் நம்பர் தப்பித் தப்பிப் போனது. போனைத் திருப்பிக் கொடுத்து அவரையே போடச் சொன்னேன்.